மாமாவின் கையெழுத்தில் ஒரு தேர்தல்

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதுகூடப் பெரிய விஷயமாக இல்லை. பத்திரிகையைப் புனேவுக்கு யார் கொண்டுபோவது என்பதுதான் பெரிய விஷயமாகிவிட்டது. என் அக்கா சரோஜாவின் வீட்டுக்காரர் ஏழுமலை எங்கள் குடும்பத்துக்கு மூத்த மாப்பிள்ளை. மூத்த மாப்பிள்ளைக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பினால் என்ன ஆகும் என்பதை என் தம்பி கல்யாணத்தில் பார்த்துவிட்டோம். மனுஷர் வரவில்லை. வராமல் இருந்ததோடு, அந்தக் கதையை ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

ஆகவே வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, வேட்டி புடவையோடு அரக்கோணத்தில் நானே ரயில் ஏறினேன். புது நூற்றாண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாடு நாலுகால் பாய்ச்சலில் முன்னேறுகிறது என்று கையில் இருந்த வாரப் பத்திரிகை சொன்னது. எதிர் சீட்டுக்காரர் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. எந்தக் கம்பெனியிலும் ஆள் எடுப்பதில்லை, இருக்கிறவனையும் அனுப்புகிறான் என்று குல்பர்கா வரைக்கும் புலம்பிக்கொண்டு வந்தார்.

புனே ஸ்டேஷனில் இறங்கி, அக்கா வீடு இருக்கும் போபோடிக்கு பஸ் ஏறினேன். டிக்கெட் துளைபோடும் இடுக்கியை நடத்துநர் 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே இருந்தார். நம் ஊர் நடத்துநர் விசில் ஊதி எழுப்புவார். இவர் தாளம் போட்டுத் தூங்க வைத்தார். கண் விழித்தபோது போபோடி போய் ஆகுர்டியும் வந்திருந்தது. "போபோடி, போபோடின்னு தொண்டை கிழியக் கத்தினேனே!" என்றார் இந்தியில். நான் தமிழில் தூங்கிக்கொண்டிருந்ததை அவரிடம் எப்படி விளக்குவது?

இறங்கிய இடத்துக்கு எதிரே ஒரு பெரிய கேட். அதில் பெரிய பூட்டு. கேட்டுக்கு வெளியே தார்ப்பாய்ப் பந்தலில் பத்துப் பதினைந்து பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். கம்பெனிப் பெயரைப் படித்ததும் திக்கென்றது. ஸ்கூட்டருக்குப் பாகங்கள் செய்யும் இந்தக் கம்பெனியில்தான் ஏழுமலை மாமா பெயின்ட் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது என்று கடிதத்தில் அக்கா யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருந்தாள். ஒன்றரை வருஷமாக ஒரு பூட்டுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதைக் கடிதத்தில் யாரும் எழுத முடியாது.

"ஏன் மூடினாங்க?" என்று ஒரு நரைத்த தலைக்காரரைக் கேட்டேன்.

"ஜனங்க ஸ்கூட்டர் வாங்கறத விட்டுட்டு மோட்டார் சைக்கிள் வாங்கப் போயிட்டாங்க," என்றார், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த ஊரில் நான் கேட்ட ஒரே சரியான பதில் அதுதான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வர ஆறு பேர் உட்காரும் பெரிய ஆட்டோ ஒன்று கிடைத்தது. ஆறு பேர் என்பது அதைச் செய்தவர்களின் கருத்து. ஓட்டுநரின் கருத்து பதினொன்று. வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, என் பாதி உடம்பு சாலையில் தொங்க, போபோடி சேர்ந்தேன்.

தெருமுனையிலேயே மாமா நின்றிருந்தார், ஸ்டூல் மேல் ஏறி. சுவரில் அடித்த பெரிய கரும்பலகை ஒன்றில் கலர் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்காமல், "வா மச்சான்! ஒரு நிமிஷம். 'உ'க்கு நெழல் போட்டுட்டு வந்துடறேன்," என்றார். தாவணி கட்டிய பெண் கோலம் போடுவது மாதிரி அத்தனை கவனம். எழுத்தும் கோலம் மாதிரிதான் இருந்தது.

இந்தப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புனேயில் தெருவுக்குத் தெரு பிள்ளையார் வைக்கும் மண்டள் ஒன்று உண்டு. பிள்ளையார் பத்து நாளில் தண்ணீருக்குப் போய்விடுவார். மண்டள் வருஷம் முழுக்க இருக்கும். கேரம் ஆடும், ரத்ததானம் செய்யும், தெருமுனையில் கரும்பலகை வைத்துத் தினமும் சேதி எழுதும். யார் செத்தார், யார் பத்தாவது பாஸ், அரசாங்கத்தை யார் எப்படித் திட்டலாம், எல்லாம் அதில் வரும். நம் ஊரில் கட்சிக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு முன்பே சுவரைப் பிடித்துப் பெயர் எழுதி வைப்பார்கள். இங்கே ஒரே பலகை, தினம் அழித்துத் தினம் எழுதுகிறார்கள். சிக்கனமான ஜனங்கள்.

கம்பெனியில் மிஷின்களுக்கு நம்பரும், 'தலைக்கவசம் அணிக' வகையறா வாசகங்களும் எழுதிய கை மாமாவுடையது. வேலை போனதும் கை சும்மா இருக்கவில்லை. மண்டள்காரர்கள் கூப்பிட்டார்கள், போனார். தமிழில் தன் பெயரைத் தவிர எதையும் எழுதி நான் பார்த்திராத மனுஷர், மராட்டியில் முத்து முத்தாக எழுதுகிறார். கீழே கையொப்பம் கிடையாது. இருந்தாலும் தெருவில் போகிறவர்கள், "காகா, இன்னிக்கு எழுத்து பிரமாதம்," என்று சொல்லிப் போனார்கள். காகா என்றால் சித்தப்பா. வேலை போன ஒரு மனுஷனைத் தெரு முழுக்கச் சித்தப்பா என்றால் அவர் ஸ்டூலை விட்டு இறங்குவாரா?

எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பதவி உயர்வுக்கு உதவும் என்று யாரோ சொன்னதை நம்பி இந்திப் பரீட்சை இரண்டு எழுதியவன் நான். உயர்வு வரவில்லை, எழுத்து மட்டும் தங்கிவிட்டது; மராட்டிக்கும் அதே எழுத்துதான். 'நம் மண். நம் வேலை. நம் ரோடு. பாவுசாகேபுக்கே நம் ஓட்டு.'

"யாரு மாமா இந்த பாவுசாகேப்?"

"அவரா? இன்னும் நாலே நாள்ல நம்ம வார்டு கார்ப்பரேட்டர்," என்றார் மாமா, சொந்த அண்ணனைச் சொல்வதுபோல.

இரண்டாம் நாள் காலை அக்காவின் வண்டியடியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன். கட்கி ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் அக்காவுக்கு ஒரு தள்ளுவண்டி. இட்லி, மெதுவடை, சாம்பார். ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்றபடியே ஆறு இட்லியை விழுங்கிவிட்டு ஓடுவார்கள். சாம்பாரில் லேசாக வெல்லம் இனித்தது. "இன்னாக்கா இது?" என்றேன். "இந்த ஊரு நாக்குக்கு அப்டித்தான்டா வேணும். முப்பது வருஷமா போட்டுக்கினு கீறேன், இப்ப எனக்கே அதான் புடிக்குது," என்றாள். ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் உலை கொதிப்பது அந்த வண்டியால்தான். ஒரே பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், தளேகாவில் இருக்கிறாள். மாமா எழுதும் பலகை சோறு போடாது, பெயர் மட்டும்தான் போடும்.

பக்கத்து வண்டி ராம்தனியுடையது. உத்தரப்பிரதேசத்துக்காரன், பானிபூரி விற்பவன். அக்காவின் ஸ்டவ் மக்கர் செய்தால் அவன் பின் குத்துவான். அவன் வண்டியில் கிளாஸ் போதாவிட்டால் அக்கா கொடுப்பாள். இருவரும் பேசிக்கொள்ளும் இந்தியை எந்தப் பரீட்சையிலும் பாஸ் பண்ண முடியாது.

பாவுசாகேப் கதையை அக்காதான் சொன்னாள். மாமா வேலை பார்த்த அதே கம்பெனியில் கான்டீன் கான்டிராக்டர். அவருடைய பருப்பில் பருப்பைத் தேடி அலுத்து, ஒருநாள் தொழிலாளிகள் வாளியோடு கேட்டுக்கு வெளியே கொட்டினார்களாம். கொட்டியவர்களில் மாமாவும் ஒருவர். கம்பெனி மூடியதும் பந்தலுக்குத் தினமும் மத்தியானம் பாவுசாகேப், பன்னுக்குள் போண்டா வைத்த வடாபாவ் அனுப்பினார். முதல் நாள், மிச்ச எண்ணெயைத் தீர்க்கிறான் என்று சிரித்தார்கள். பத்தாம் நாள் நாற்காலி போட்டார்கள். மாதக் கடைசியில் மைக் கொடுத்துவிட்டார்கள். காய்ந்த வயிற்றுக்கு ஞாபகசக்தி குறைவு.

மைக் கிடைத்ததும் முதலில் முதலாளியைத் திட்டினார். முதலாளி மும்பையில் எங்கேயோ இருந்தார், கைக்கு எட்டவில்லை. பிறகு டில்லியைத் திட்டினார். டில்லி இன்னும் தூரம். கடைசியில்தான் மனுஷருக்கு ஞானம் பிறந்தது. நடந்து போகிற தூரத்தில் இருக்கிறவன்தான் நம் கஷ்டத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார். வெளியிலிருந்து வந்தவன். மோட்டார் சைக்கிளை அடிக்க முடியாது, பானிபூரி வண்டியை அடிக்கலாம் அல்லவா?

அன்று மத்தியானம் மாமா என்னை மிசல் சாப்பிடக் கூட்டிப்போனார். சிவப்பு எண்ணெய் மிதக்கும் காரக் குழம்பில் மிக்சரைக் கொட்டி, அதற்கு பன் கொடுக்கிறார்கள். இரண்டாவது வாயில் எனக்குக் காது அடைத்தது. அந்த நிலைமையில் கேட்டேன்: "மாமா, வெளியாளுன்னு சொல்றாரே, நாம யாரு?"

மாமா சிரித்தார். "நம்மள சொல்லல மச்சான். நேத்து வந்தானுங்க பாரு, அவனுங்கள சொல்றாரு. நாம வந்து முப்பது வருஷம் ஆவுது. என் மராட்டிய கேட்டா பாவுவே ஒரு செகண்டு நின்னு கேப்பாரு. எங்க காகா மாதிரி நம்ம பசங்களே பேசறதில்லன்னு மேடையிலயே சொன்னாரு, தெரியுமா?"

அதற்குமேல் கேட்க எனக்குக் காரமும் விடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசிப் பிரசாரக் கூட்டம். மாமா என்னை முன் வரிசையில் உட்கார வைத்தார். பாவுசாகேப் நான் நினைத்த மாதிரி இல்லை. குள்ளமாக, வெள்ளைச் சட்டையில், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர்போல இருந்தார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "உன் பையனுக்கு ஏன் வேலை இல்லை?" என்றார். கூட்டம் கப்சிப். "உன் மனைவி ஏன் அழுகிறாள்?" பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் குரல் ஏறியது. எனக்குப் பாதி புரியவில்லை. புரியாத பாதிக்கும் சேர்த்து எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வெளியூரிலிருந்து வந்து, வெளியூர்க்காரனை விரட்டு என்பதற்குக் கை தட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அப்படியும் சொல்ல முடியாது. பக்கத்தில் மாமா இருந்தாரே.

கூட்டம் முடிந்து கலைந்தவர்கள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. நாங்கள் ஸ்டேஷன் ரோட்டுக்கு வந்தபோது ராம்தனியின் வண்டி கவிழ்ந்து கிடந்தது. ரோடு முழுக்கப் பூரி நொறுங்கி, புதினாத் தண்ணீர் சாக்கடை பக்கம் ஓடியது. ராம்தனி நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு அக்காவின் வண்டியடியில் உட்கார்ந்திருந்தான். அக்கா அவனுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றியபடியே மாமாவைப் பார்த்த பார்வையில் நானாக இருந்தால் சாம்பலாகியிருப்பேன்.

"நல்லா எழுதின. படிச்சிட்டு வந்து அடிச்சிட்டுப் போயிட்டானுங்க."

"நான் அடிக்கச் சொல்லியா எழுதினேன்? அவங்க எழுதிக் குடுக்கறாங்கோ, நான் எடுத்து எழுதறேன். கம்பெனியில டேஞ்சர்னு எழுதினேன். நானா கரண்டு வுட்டேன்?"

"நேத்து வந்தவன தொரத்தி முடிச்சா, முந்தாநேத்து வந்தவன்கிட்ட வருவான். அன்னிக்கி இன்னா எழுதுவ?"

ராம்தனி டீயைக் குடித்துவிட்டு, கிளாஸைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். மறுநாள் ரயிலில் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அந்தக் கோபத்தோடு கோபமாகத்தான் பத்திரிகை வைத்தேன். அக்காவும் மாமாவும் கிழக்கே பார்த்து, ஒருவரையொருவர் பாராமல் நின்று தட்டை வாங்கிக்கொண்டார்கள். நான் வந்த வேலை அதோடு முடிந்தது. ஆனால் ஓட்டு எண்ணுவதைப் பார்க்காமல் போகக் கூடாது என்று மாமா பிடித்து வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் ஓட்டுப்பதிவு. மாமா குளித்து, நெற்றியில் குங்குமம் இட்டு, முதல் ஆளாகப் போய்விட்டு வந்தார். அக்கா இட்லி விற்றுவிட்டு நிதானமாகப் போனாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். "மிஷினு மூலையில ஒருத்தன் வெளக்குக் கம்பம் சின்னத்துல தனியா நின்னுக்கினு இருந்தான், பாவமா இருந்துச்சு, அவனுக்கு," என்றாள்.

அந்தப் பாவத்தால் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானமே பாவுசாகேப் ஜெயித்துவிட்டார். தெரு முழுக்க இளஞ்சிவப்புக் குலால் பொடி. நாய்கூட இளஞ்சிவப்பாகத் திரிந்தது. என் ஒரே நல்ல சட்டையும் போயிற்று. ஊர்வலம் பலகையடியில் நின்றபோது பாவுசாகேப் ஜீப்பிலிருந்து இறங்கி மாமாவின் வலது கையைப் பிடித்துத் தூக்கினார். "இந்தக் கைதான் நம்மை ஜெயிக்க வைத்தது!" என்றார். மாமா அழுதுவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் கம்பெனியில் ஒரு மேனேஜர்கூட அந்தக் கையைத் தொட்டதில்லை. எனக்கும் கண் கலங்கியது. பொடி விழுந்ததால் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் நாள் நான் கிளம்ப வேண்டியது, ரயில் சாயங்காலம். காலை பத்து மணிக்கு மாமாவோடு பலகைக்குப் போனேன். நன்றி அறிவிப்பு வரும், அதற்கு மூன்று கலர் போதாது என்று புது சாக்பீஸ் டப்பா எடுத்து வந்திருந்தார். மண்டள் செயலாளர் சந்தோஷ் வந்து ஒரு காகிதத்தைக் கொடுத்தார். நாற்பது வயசு ஆள். அவரும் அதே கம்பெனியில் லேத் ஓட்டியவர்.

மாமா படித்தார். திரும்பப் படித்தார். பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டினார், தனக்குத்தான் தப்பாகத் தெரிகிறதோ என்பதுபோல. நானும் எழுத்துக் கூட்டினேன்.

'நாளைக் காலை ஆறு மணிக்குள் ஸ்டேஷன் ரோட்டில் உள்ள வெளியார் வண்டிகள் எடுக்கப்பட வேண்டும். அந்த இடங்கள் மண்ணின் மைந்தர்களுக்கு வழங்கப்படும். எடுக்காதவர்களுக்கு நம் தொண்டர்கள் உதவுவார்கள்.' கீழே வரிசை: பேல்பூரி வண்டி. கரும்புச் சாறு வண்டி. பழ வண்டி இரண்டு. மதராஸி இட்லி வண்டி.

"சந்தோஷ், இது நம்ம வண்டி," என்றார் மாமா. அந்தப் புகழ்பெற்ற மராட்டி நடுங்கியது.

"அரே காகா, உங்கள யாரு சொன்னா?" என்றார் சந்தோஷ், உண்மையான பிரியத்தோடு தோளில் கை போட்டு. "வண்டிய மட்டும்தான சொல்லியிருக்கு. நீங்க நம்ம ஆளு. எழுதுங்க, ஜனங்க நிக்கறாங்க."

ஜனங்கள் நின்றிருந்தார்கள்தான். ஜெயித்த மறுநாள் பலகையில் என்ன வருகிறது என்று பார்க்க இருபது முப்பது பேர். மாமா ஸ்டூலில் ஏறினார். பேல்பூரி வரைக்கும் கை சரளமாகப் போனது. பழ வண்டிக்கு வந்ததும் மெதுவானது. கடைசி வரிக்கு முன்னால் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றார். இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். கீழேயிருந்து யாரோ, "காகா, தலைப்புக்கு நிழல் போட மறந்துட்டீங்களே?" என்றார். மாமா தலைப்புக்கு நிழல் போட்டார். பிறகு கடைசி வரியையும் எழுதினார். மஞ்சளில் எழுத்து, நீலத்தில் நிழல். 'மதராஸி' அன்றைய பலகையிலேயே அழகான வார்த்தை.

"வாஹ், அச்சு மாதிரி இருக்கு!" என்றார் கீழே நின்றவர்.

கூட்டம் கலைந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் சாக்பீஸ் தூள். "அக்காகிட்ட சொல்லாத மச்சான். சாய்ங்காலம் பாவு வருவாரு, பேசிக்கறேன். எனக்காவ ஒரு வரி அழிக்க மாட்டாரா? எங்கைய புடிச்சி தூக்கினாரே, நீயே பாத்தியே."

"பாத்தேன் மாமா," என்றேன்.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள், தலையில் காலி இட்லிப் பானை, இடுப்பில் சாம்பார் வாளி. காய்கறிக்காரியை அழ வைக்கும் அளவுக்கு மராட்டி பேசுவாளே தவிர, அக்காவுக்கு எழுத்து தெரியாது. தமிழும் அப்படித்தான். நின்று பலகையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாய்யா, இன்னிக்கி இவ்ளோ கலரு? இன்னா எழுதிக்கீற?"

மாமா சாக்பீஸ் டப்பாவை மூடினார். "நாளைக்கி தண்ணி வராதாம். அதான்," என்றார். சொல்லிவிட்டு, பாவுசாகேபின் ஆபீஸ் இருக்கும் பக்கமாக விடுவிடுவென்று நடந்தார்.

அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உனுக்குத்தான் இந்தி தெரியுமே. நீ படிச்சி சொல்லுடா தம்பி. இன்னா எழுதிக்கீது?"

ஐந்து நாளாக அந்த ஊரில் எல்லோரையும் கேலி செய்துகொண்டிருந்தவன் நான். கான்டிராக்டரை, கூட்டத்தை, கை தட்டியவர்களை, மாமாவை. கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன். நல்ல பெரிய எழுத்து, தப்பாகப் படிக்க வழியே இல்லை.

"தண்ணி வராதாம்க்கா," என்றேன்.

"அப்டியா," என்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "வா. வீட்ல இருக்கிற கொடத்த எல்லாம் ரொப்பி வைக்கலாம்."

அவள் குழாயடியில் நின்று பிடித்துக் கொடுத்தாள். ரயிலுக்கு நேரமாகும் வரை நான் குடம் குடமாகச் சுமந்தேன்.